பெரியம்மாவின் பல்லும் 29 பைசாவும்

வணக்கம் சார்,

வரிப் பகிர்வு பற்றி நீங்கள் போன வாரம் எழுதியதைப் படித்தேன். வசதியான மாநிலம் வசதி குறைந்த மாநிலத்துக்குக் கொடுப்பது இயல்புதான், இதில் முணுமுணுக்க ஒன்றுமில்லை என்று முடித்திருந்தீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை.

நான் ஓசூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு சிஎன்சி, நான்கு பழைய லேத். வண்டிக் கம்பெனிகளுக்குச் சாமான் சப்ளை செய்பவர்களிடம் ஜாப் ஒர்க். பில் பணம் வர மூன்று மாதம் ஆகும். ஜிஎஸ்டி மட்டும் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். இப்படிக் கட்டுகிற ஒரு ரூபாயில் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வருவது 29 பைசா என்கிறார்கள். மீதி உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் போகிறது. என் பட்டறையில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், அதில் ஐந்து பேர் பீகார், ஒடிசா. பீகார் பையன் ஒருவன் சொல்கிறான், மழை பெய்தால் அவன் ஊருக்குப் போக ரோடே கிடையாதாம். அப்படியென்றால் நம் பணம் எங்கே போகிறது?

என் மச்சான் கனடாவில், கால்கரியில் இருக்கிறான். அங்கேயும் இதே கதைதானாம். ஆல்பர்ட்டா எண்ணெய் எடுத்துச் சம்பாதித்துக் கொடுக்கிறது, கியூபெக் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறது என்று வாக்கெடுப்பே நடத்திவிட்டார்களாம். நாம் ஏன் அப்படி ஒன்று நடத்தக் கூடாது? நீங்கள் தருமபுரிக்காரர், கஷ்டம் தெரிந்தவர். நீங்களே இப்படி எழுதலாமா?

ம., ஓசூர்

*

அன்புள்ள ம.,

உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தருமபுரிக்காரன் என்பதால்தான் அப்படி எழுதினேன்.

என் பெரியம்மா பிறந்ததும் வாக்கப்பட்டதும் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில். சிரிப்பு வந்தால் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்வார். வெட்கம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பல் முழுக்கக் காவி. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. ஐம்பது வயதுக்குள் முழங்கால் வளைந்துவிட்டது, குனிந்து கோலம் போட முடியாது. கொஞ்ச தூரத்தில் ஒகேனக்கல்லில் காவிரி இரைச்சலோடு விழுந்துகொண்டிருந்தது. குடிக்க மட்டும் அந்தக் கிணறு.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ல் அடிக்கல் நாட்டினார்கள், 2013ல் தண்ணீர் வந்தது. ஜப்பானிடம் கடன் வாங்கி, ஏறத்தாழ 1,928 கோடி ரூபாயில் செய்தது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்து கேழ்வரகும் புளியும் மாங்காயும் விற்று அந்தத் தொகையைத் திரட்டியிருக்க முடியுமா? கடனைத் திருப்பிக் கட்டுவது சென்னை, கோவை, திருப்பூர் எல்லாம் சேர்ந்துதான். “நாங்கள் கொடுக்கும் ரூபாயில் எங்களுக்கு எத்தனை பைசா திரும்புகிறது” என்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி கேட்டிருந்தால் பெரியம்மாவின் பேத்திக்கும் அதே பல்தான். நல்லவேளை, மாவட்டத்துக்கு மாவட்டம் அந்தக் கணக்கை யாரும் சட்டசபையில் வாசிப்பதில்லை.

2003ல் தமிழக அரசே வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையில் 29 மாவட்டங்களில் கடைசி இடம் தருமபுரிக்கு. ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். ஆக, அந்தக் கடைசி இடத்தில் உங்கள் ஓசூரும் சேர்த்தி.

ஓசூர் எப்படி ஓசூர் ஆனது என்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். பெங்களூர் பக்கத்தில் இருந்தது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் எழுபதுகளில் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் அங்கே நிலம் எடுத்து, ரோடும் தண்ணீரும் கரண்டும் கொடுத்ததற்கும், பின்தங்கிய மாவட்டம் என்று முதலீட்டு மானியமும் சலுகைக் கடனும் கிடைத்ததற்கும் வேறு யாரோ கட்டிய வரிதான் ஆதாரம். 1980ஐ ஒட்டி அங்கே டிவிஎஸ் மொபெட்டும் லேலண்ட் லாரியும் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வண்டிகளுக்கு இரும்பு எங்கிருந்து வந்தது? அன்றைக்குச் சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று மத்திய அரசின் ஒரு கொள்கை இருந்தது. ஐம்பதுகளில் தொடங்கி தொண்ணூறுகளின் தொடக்கம் வரை நீடித்தது. ஜாம்ஷெட்பூரில் வார்த்த இரும்பு, ஆலை வாசலில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் ஒரே விலை. ரயில் கூலியை எல்லோர் தலையிலும் பரப்பிவிட்டார்கள். சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே பட்டறை போடுவதால் பீகாருக்கு என்ன லாபம் இருந்திருக்குமோ அது அப்படியே போயிற்று. அந்த ஜாம்ஷெட்பூர் இன்றைக்கு ஜார்க்கண்டில் இருக்கிறது, அன்றைக்குப் பீகார்தான். பீகார் ஏழையானதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. அந்த ஊர் அரசியல் செய்த கேடு தனி. ஆனால் நாற்பது வருடம் அவர்களும் நமக்கு ஒரு வரி கட்டினார்கள், அதற்கு ரசீது கொடுக்கும் வழக்கம் இல்லை.

சரி, 29 பைசாவுக்கு வருவோம். நம் அமைச்சர்களே மேடையில் சொன்ன எண்தான். தமிழ்நாட்டில் மத்திய அரசு வசூலிக்கும் வரியையும் அது திருப்பித் தரும் வரிப் பங்கையும் வைத்துச் சொல்வது. இதில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. ஒன்று, நீங்கள் ஓசூருக்குள் போடும் பில்லில் ஜிஎஸ்டியில் பாதி மாநில ஜிஎஸ்டி. அது நேராகச் சென்னைக்குப் போகிறது, டெல்லியைத் தொடுவதே இல்லை. இரண்டு, மீதி 71 பைசாவும் பீகாருக்குப் போவதாக நினைப்பது. மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. பதினைந்தாவது நிதிக்குழுவின் கணக்கில், பகிர வேண்டிய மத்திய வரிகளின் பொதுத்தொகுப்பில் 41 சதவீதம்தான் எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து. மிச்சம் 59 மத்திய அரசின் கையிலேயே நிற்கிறது. ராணுவம், வட்டி, பென்ஷன் எல்லாம் அதிலிருந்துதான்.

வசூல் கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆலை ஓசூரில், தலைமை அலுவலகம் மும்பையில் என்றால் வருமான வரி மகாராஷ்டிராவின் பெயரில் ஏறும். உங்கள் கோபத்துக்கு நானே இன்னொன்றும் எடுத்துத் தருகிறேன். நீங்கள் கடைந்து கொடுக்கிற சாமான் பொருத்திய ஸ்கூட்டர் பாட்னாவில் விற்றால், மாநிலப் பங்கான ஜிஎஸ்டி பீகாருக்கு. செய்கிற ஊருக்கு இல்லை, வாங்குகிற ஊருக்கு. அதே கையோடு, உங்கள் பீகார் பையன் ஓசூரில் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் மாநிலப் பங்கு நமக்கு.

அந்த 41இல் யாருக்கு எவ்வளவு? 2021 முதல் 2026 வரைக்கான பங்கில் உத்தரப் பிரதேசம் 17.939, பீகார் 10.058, தமிழ்நாடு 4.079 சதவீதம். பார்த்தால் பீகாருக்கு நம்மைப்போல இரண்டரை மடங்கு. ஆனால் ஆள் எத்தனை என்று பார்க்க வேண்டுமே. 2011 மக்கள்தொகையை வைத்து வகுத்துப் பார்த்தேன். நமக்குத் தலைக்கு 100 ரூபாய் என்றால் பீகாரில் தலைக்கு 170 அளவில் வருகிறது, உத்தரப் பிரதேசத்தில் 160 அளவில். சராசரி வருமானத்தில் நாம் பீகாரைப்போல நான்கு மடங்குக்கும் மேல். நான்கு மடங்கு ஏழைக்கு முக்கால் மடங்குக்கும் குறைவாகத்தான் கூடுதல் கொடுக்கிறோம். இதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

கோபப்பட நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒன்பதாவது நிதிக்குழுக் காலத்தில் நம் பங்கு 7.931 சதவீதம் என்று தமிழக அரசு சொல்கிறது. இன்று அதில் பாதிதான். அதோடு, முன்பெல்லாம் 1971 மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டார்கள், பதினைந்தாவது குழு முழுக்க 2011க்கு மாறிவிட்டது. நாம் இருவர் நமக்கு இருவர் என்று சொன்னபடி கேட்டவனுக்கு அது அடி. ஈடாகப் பிறப்பு விகிதத்தைக் குறைத்ததற்கு 12.5 சதவீத எடை கொடுத்தார்கள். போதாது என்பதே என் எண்ணம்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில்.

2022 மே மாதம் வரியைக் குறைத்த பிறகு, 2025 ஏப்ரல் வரை இருந்த கணக்கு இது. ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய அரசின் கலால் 19 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மட்டும். மற்றதெல்லாம் சாலைக்கு, விவசாயத்துக்கு, சிறப்புக் கூடுதல் கலால் என்று செஸ், சர்சார்ஜ் என்னும் கூடுதல் வரிகளின் பெயரில். அவற்றைப் பகிரத் தேவையில்லை என்று அரசியல் சட்டமே விட்டு வைத்திருக்கிறது. 1 ரூபாய் 40 காசில் 41 சதவீதம் என்றால் 57 காசு. அதுதான் இந்தியாவின் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் பீகாருக்கு 6 காசு வராது. நமக்கு இரண்டு காசும் கொஞ்சமும். நீங்களும் உங்கள் பீகார் பையனும் அந்த இரண்டு காசுக்கும் ஆறு காசுக்கும் மல்லுக்கு நிற்கிறீர்கள். அந்தக் கணக்கில் 19 ரூபாய்க்கு மேல் டெல்லியிலேயே நின்றது, அதை யாரும் பேசுவதில்லை. அந்தப் பணத்தில் ரோடு போடுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எங்கே போடுவது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள், அவ்வளவுதான். மத்திய அரசின் மொத்த வரியில் 2010களின் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்த இந்த செஸ், சர்சார்ஜ் 2020-21ல் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டது.

இதைத்தான் போன வாரக் கட்டுரையில் கோட்டைவிட்டேன். ‘முணுமுணுக்க ஒன்றுமில்லை’ என்று எழுதியது தப்பு, அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன். முணுமுணுக்க இருக்கிறது. பார்க்க வேண்டிய திசைதான் பாட்னா இல்லை. இந்த விஷயத்தில் பாட்னாவும் நம் கட்சி.

அப்புறம் உங்கள் மச்சான் சொன்ன கனடா. வசதி குறைந்த மாகாணங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் ஏற்பாடு அங்கே 1957ல் வந்தது, 1982ல் அரசியல் சட்டத்திலேயே ஏறியது. எந்த மாகாணத்தில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு வரி கட்டி ஏறக்குறைய ஒரே தரமான பள்ளியும் ஆஸ்பத்திரியும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆல்பர்ட்டா அரசு யாருக்கும் செக் எழுதிக் கொடுப்பதில்லை. கனடா அரசு நாடு முழுக்க ஒரே விகிதத்தில் வாங்கும் வரியிலிருந்து அது போகிறது. கால்கரியில் சம்பளம் அதிகம், அதனால் அங்கிருந்து அதிக வரி. மொத்தத் தொகையில் கியூபெக்தான் அதிகம் வாங்குகிறது, உண்மை. 2021 அக்டோபரில் ஆல்பர்ட்டாவில் வாக்கெடுப்பு நடந்ததும் உண்மை. ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 62 பேர் அளவில் அந்தச் சட்டப் பிரிவை எடுத்துவிடலாம் என்றார்கள். பிரிவு அப்படியே இருக்கிறது. ஒரு மாகாணம் தனியாக ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தை மாற்ற முடியாது. உங்கள் மச்சானிடம் இன்னொன்றும் கேளுங்கள். ஆரம்ப வருடங்களில் ஆல்பர்ட்டாவும் வாங்கியிருக்கிறது, அறுபதுகளின் நடுவில்தான் நின்றது. கார் கம்பெனிகள் நிறைந்த, எப்போதும் கொடுக்கும் கையாக இருந்த ஒன்டாரியோ, 2009ல் வாங்கும் வரிசையில் வந்து நின்றது. கார் கம்பெனிகளை நம்பிப் பட்டறை நடத்துகிற நீங்கள் அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது பையன் ஊர் ரோடு. உங்கள் கடிதத்தில் எனக்குப் பதில் சொல்லக் கடினமான கேள்வி இது. வரிப் பங்காகப் போகும் பணத்துக்கு நிபந்தனை கிடையாது. பீகார் அதை என்ன செய்தது என்று டெல்லி கேட்க முடியாது. கேட்கட்டுமே என்றால், நம்மையும் கேட்கும். சத்துணவுக்கு ஏன் இவ்வளவு, பெண்களுக்கு பஸ் ஏன் இலவசம் என்று டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி கேட்டால் நீங்களும் நானும் முதல் ஆளாகக் கொடி பிடிப்போம். அங்கே பணம் வீணானதும் உண்டு, சேர்ந்ததும் உண்டு. 2006ல் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு பீகார் அரசு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது, நம் ஊரில் கொடுத்ததைப் போலவே.

இன்னொன்று. நிதிக்குழுவுக்கு மாநிலச் சராசரிதான் தெரியும், மாவட்டம் தெரியாது. ஓசூரையும் அஞ்செட்டி மலையையும் கூட்டி வகுத்துத் தமிழ்நாடு பணக்கார மாநிலம் என்று எழுதிக்கொள்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியாக நின்றது தருமபுரி. சித்தேரி மலையில் இருப்பவர் அந்தச் சராசரியைச் சாப்பிட முடியாது. அவருக்குச் சேர வேண்டியதைச் சென்னைதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்கிறதா என்பதை நாம்தான் கேட்க வேண்டும். பீகாருக்குள்ளும் பாட்னா மாவட்டம் எங்கோ மேலே, சிவஹர் மாவட்டம் அடியில்.

அந்தப் பையனிடம் ரோடு இல்லாத அவன் ஊர் எந்த மாவட்டம் என்று கேட்டு எழுதுங்கள். பாட்னாவா, சிவஹர் பக்கமா?