கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளராகப் பல வருடம் இருந்தவர் அதே கல்லூரியின் விளையாட்டுத் துறையை நிர்வகித்தால் சரிவருமா? அமெரிக்காவின் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் (எல்.எஸ்.யூ.) ஸ்கிப் பெர்ட்மேன் எப்படிச் செய்தார்?

சரிவரும். ஆனால் பயிற்சியாளராக இருந்தபோது எழுந்து நின்று கைதட்டிய அதே ஆட்கள், நிர்வாகி ஆனதும் முறைப்பார்கள். பெர்ட்மேனுக்கு இரண்டுமே நடந்தது.

2006 முதல் 2008 வரை லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தேன். பெர்ட்மேன் அங்கே அத்லெட்டிக் டைரக்டராக, அதாவது எல்லா விளையாட்டுக்கும் தலைமை நிர்வாகியாக, இருந்த கடைசி வருடங்கள் அவை. கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாமல் போனவன் நான். பழைய அலெக்ஸ் பாக்ஸ் ஸ்டேடியத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர்தான், அவித்த கடலையை உரித்துக்கொண்டே, எனக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை "ஸ்கிப் இருந்தப்போ..." என்று ஆரம்பித்துவிடுவார். அப்படித்தான் இந்த மனிதர் மேல் எனக்கு ஆர்வம் வந்தது.

பெர்ட்மேன் டெட்ராய்ட்டில் 1938-ல் பிறந்து மயாமி பீச்சில் வளர்ந்தவர். முதலில் மயாமி பீச் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளர். 1970-ல் மாநிலப் பட்டம். பிறகு மயாமி பல்கலைக்கழகத்தில் ரான் ஃப்ரேசருக்கு உதவியாளர். அங்கே இருந்தபோது நடந்த ஒரு கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

1982 காலேஜ் வேர்ல்ட் சீரிஸ். ஒமாஹா நகரில் ஜூன் மாதம் எட்டு அணிகள் மோதும் தேசியப் போட்டி அது. மயாமிக்கு எதிரே விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகம். அவர்களுடைய ஃபில் ஸ்டீஃபன்சன் முதல் பேஸில் நிற்கிறார் (ஓட்டக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டிய இடங்கள்தான் பேஸ்). பேஸ் திருடுவதில், அதாவது எதிரணி அசந்த நேரம் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதில், அந்த வருடம் அவரை மிஞ்ச ஆளில்லை. மயாமி பிட்சர் (பந்து வீசுபவர்) முதல் பேஸ் பக்கம் வீசுவதுபோல் கையை வீசினார். பந்து கையுறைக்குள்ளேயே இருந்தது. முதல் பேஸைக் காக்கும் மயாமி வீரர் போகாத பந்துக்குப் பாய்ந்து விழுந்தார். உட்கார்ந்திருந்த வீரர்கள் "அங்கே போகுது பார்" என்று கத்த, மட்டை எடுத்துக் கொடுக்கும் பெண்கள்கூட மூலையைக் கைகாட்டினார்கள். பந்து எங்கோ ஓடிவிட்டது என்று நம்பி ஸ்டீஃபன்சன் இரண்டாம் பேஸுக்கு ஓட, பிட்சர் நிதானமாகப் பந்தை அங்கே எறிந்தார். அவுட். இந்த நாடகத்தை அணிக்குப் பழக்கியவர் பெர்ட்மேன். அந்த வருடப் பட்டமும் மயாமிக்கே.

மைதானத்துக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் ஆட்டத்தில் இருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. 1984 பருவத்திலிருந்து எல்.எஸ்.யூ.வில் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது இதே கணக்கைப் பார்வையாளர்கள் மேலும் போட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கூட்டமும் பணமும் ஃபுட்பாலுக்குத்தான் (நம் கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்). அதிலும் பேட்டன் ரூஜில் பேஸ்பாலை யாரும் சீண்டாத காலம். அணியைக் கட்டியதோடு, ஆள் ஆளாகப் பேசி டிக்கெட் விற்றார் மனுஷன். 1996-லிருந்து கல்லூரி பேஸ்பாலில் நாட்டிலேயே அதிகக் கூட்டம் வரும் இடமாக அது ஆனது.

கோப்பைகளும் வந்தன: 1991, 1993, 1996, 1997, 2000. மொத்தம் 870 வெற்றி, 330 தோல்வி. 1996 இறுதி ஆட்டத்தை அந்தப் பெரியவர் நடித்தே காட்டினார். எதிரணி, பெர்ட்மேனின் பழைய மயாமி. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட் (மூன்றானால் முடிந்தது), எல்.எஸ்.யூ. 8-7 என்று பின்தங்கியிருக்கிறது. களத்தில் வாரன் மாரிஸ். மணிக்கட்டில் எலும்பு முறிந்து பருவத்தின் பெரும்பகுதி வெளியே இருந்தவர். அவர் சந்தித்த முதல் பந்து வலது பக்க வேலியைத் தாண்டியது, எல்.எஸ்.யூ. வென்றது. அப்படி வேலி தாண்டி அடிப்பதுதான் ஹோம்ரன்; அந்தப் பருவத்தில் அவருக்கு அதுதான் முதல். ஜாவேத் மியான்தத் ஷார்ஜாவில் சேத்தன் சர்மாவை அடித்த கடைசிப் பந்து சிக்ஸர் நினைவிருக்கிறதா? நாம் மறக்க நினைப்பதை அவர்கள் கொண்டாடுவதுபோல, இங்கே லூசியானா கொண்டாடுகிறது. மயாமிக்காரர்களிடம் கேட்கக்கூடாது.

சரி, நிர்வாகத்துக்கு வருவோம். 2001-ல் பயிற்சியை விட்டுவிட்டு டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துப் பணம் தேட வேண்டும். ஃபுட்பால் சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் நன்கொடையும் தர வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். தலைமுறை தலைமுறையாக ஒரே இருக்கையில் உட்கார்ந்த குடும்பங்கள் கொதித்தன. என் கடலைப் பெரியவரும் அந்தப் பேச்சு வந்தால் மட்டும் "ஸ்கிப்" என்று சொல்ல மாட்டார், "பெர்ட்மேன்" என்பார். எனக்கு அந்தத் திட்டம் நியாயமாகத்தான் படுகிறது. நான் மாணவர் டிக்கெட்டில் போனவன், சொல்வது சுலபம்.

ஆள் எடுப்பதில் மனிதர் துணிந்தவர். ஃபுட்பால் பயிற்சியாளர் நிக் சேபன் விட்டுப் போனதும் 2005-ல் அந்த இடத்துக்கு லெஸ் மைல்ஸைக் கொண்டுவந்தார். 2008 ஜனவரியில் எங்கள் ஃபுட்பால் அணி ஓஹயோ ஸ்டேட்டை வென்று தேசியப் பட்டம் வாங்கிய இரவில், எங்கள் தெருவில் விடியும்வரை ஹார்ன் சத்தம் ஓயவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், அவருக்கு உண்மையான சோதனை சொந்த பேஸ்பாலில்தான் வந்தது. அவருக்குப் பின் அணியை ஏற்றவர் அவருடைய பழைய உதவியாளர் ஸ்மோக் லாவல். லாவல் ஒன்றும் மோசமில்லை. 2003, 2004 இரண்டு வருடமும் அணியை ஒமாஹாவுக்குக் கூட்டிப்போனார். ஆனால் ஐந்து கோப்பை பார்த்த ஊர் அதோடு திருப்தி அடையுமா? 2006-ல் தேசியப் போட்டிக்கே தகுதி பெறாமல் போனதும் லாவல் விலகினார். மேலே உட்கார்ந்திருந்தவர் பெர்ட்மேன். கூட வேலை பார்த்த ஆள் போவதைப் பார்த்துக்கொண்டு, அடுத்தவரைத் தேட வேண்டும். நோட்ர டேம் பல்கலைக்கழகத்திலிருந்து பால் மெய்னியரியை அழைத்து வந்தார். மெய்னியரியின் அப்பா மயாமியில் பெயர்போன பேஸ்பால் பயிற்சியாளர்; பழைய பழக்கம். முதல் வருடம் அணி சொதப்பியபோது ஸ்டேடியத்தில் என்ன பேச்சு பேசினார்கள் தெரியுமா!

பெர்ட்மேன் 2008-ல் ஓய்வு பெற்றார். நானும் அந்த வருடமே ஊர் திரும்பிவிட்டேன். அவர் காலத்தில் திட்டமிட்ட புது ஸ்டேடியம் 2009 பிப்ரவரியில் திறந்தது. ஜூனில் மெய்னியரியின் அணி டெக்சாஸை வீழ்த்திக் கோப்பை வாங்கியது. சென்னையில் அப்போது காலை நேரம். ஆபீஸில் மேனேஜர் பார்க்காமல் ஸ்கோர் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்துகொண்டிருந்தேன்.

2013-ல் அந்த ஆடுகளத்துக்குப் பெர்ட்மேன் பெயரையே வைத்தார்கள். பெரியவர் அதை எந்தப் பெயரில் சொல்கிறாரோ.