பட்டுப்போன பிளேன் மரம்: கணப்பில் எரிக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதியிருக்கிறீர்கள்: பட்டுப்போன பிளேன் மரத்தையும் (அகன்ற இலையுள்ள நிழல் மரம்) அரளியையும் வெட்டிப்போட்டிருக்கிறீர்கள்; விறகு புகைகிறது; டர்பனில் உள்ள தங்கைக்கும் கொஞ்சம் அனுப்ப நினைக்கிறீர்கள். பிளேன் மரத்தைத் தாராளமாக எரிக்கலாம். கூடவே வெட்டிப்போட்ட அரளியில் மட்டும் ஒரு குச்சிகூட வேண்டாம். அதன் புகையே நஞ்சு. அந்தத் தணலில் பிராய் (தென்னாப்பிரிக்கர்கள் தணலில் சுடும் இறைச்சி) சுடவே கூடாது.

புகை மண்டுவதற்கு அநேகமாக ஈரம்தான் காரணம். நின்றபடியே பட்ட மரமானாலும் அடிமரத்துக்குள் ஈரம் தங்கியிருக்கும். ஒரு கட்டையைப் பிளந்து, பிளந்த முகத்தில் ஈரப்பத மீட்டரை வைத்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால், எல்லாவற்றையும் பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, அடுத்த குளிர்காலம்வரை விட்டுவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. 2017இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில்தான், மரத்தைக் குடைந்து பாழாக்கும் துளை வண்டைக் (shot hole borer) கண்டறிந்தார்கள். பட்டையில் பால்பாயின்ட் பேனா முனை அளவு துளைகள் தெரிந்தால், டர்பன் தங்கைக்கு விறகு அனுப்பும் எண்ணத்தைக் கைவிடுங்கள். வண்டும் கூடவே போய் அங்குள்ள மரங்களைப் பிடித்துக்கொள்ளும்.