பதில்: குறைவாக அடித்தவரா, அதிகப் புள்ளி எடுத்தவரா?

வணக்கம். நந்தனத்தில் நடந்த உங்கள் அலுவலக கோல்ஃப் போட்டியில் 34 எடுத்தவருக்குக் கோப்பை, 21 எடுத்த நீங்கள் கடைசி. குறைவாக அடிப்பவர்தானே ஜெயிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஆடியது ஸ்டேபிள்ஃபோர்டு முறை. அதில் புள்ளி அதிகம் எடுப்பவருக்குத்தான் வெற்றி.

ஒவ்வொரு குழிக்கும் 'பார்' என்று ஓர் அளவு உண்டு, தேர்ந்த ஆட்டக்காரருக்கு அங்கே ஆகும் அடிகள். பார் 4 குழியில் 4 அடித்தால் 2 புள்ளி. 3 அடித்தால் பேர்டி, 3 புள்ளி. 2 என்றால் ஈகிள், 4 புள்ளி. பாரைவிட ஓர் அடி கூடினால் போகி, 1 புள்ளி. இரண்டு அடி கூடினால் டபுள் போகி, அதற்கும் அதற்கு மேலும் பூஜ்யம்.

சரி, உங்களைக் குழப்பிய ஏழாவது குழி. பார் 4, நீங்கள் 6 அடித்தும் கார்டில் 1 புள்ளி இருக்கிறது. காரணம் ஹேண்டிகேப், அதாவது ஆட்டக்காரரின் திறமையைப் பொறுத்துத் தரும் அடிச் சலுகை. அந்தக் குழியில் உங்களுக்கு ஓர் அடி சலுகை. 6 என்பது 5 ஆகி, போகி ஆகிவிட்டது.

அப்புறம், தண்ணீரில் பந்து விழுந்தால் தண்டனை அடியையும் சேர்த்தே எண்ணுங்கள். புதிதாக ஆடுபவர்களுக்கு இந்த முறையைத்தான் நான் சொல்வேன். ஒரு குழியில் சொதப்பினால் நஷ்டம் அந்தக் குழியோடு சரி. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம்.