கோர்ட்டில் கேஸ் இருந்தால் போலீஸில் புகார் கொடுக்க முடியாதா?

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் மேல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, இடைக்காலத் தடை உத்தரவும் வாங்கியிருக்கிறோம். போன வாரம் அவர் ஆட்களோடு வந்து வேலிக்கல்லைப் பிடுங்கிப் போட்டார், தடுக்கப் போன அம்மாவைக் கீழே தள்ளிவிட்டார். ஸ்டேஷனில், 'கோர்ட்டில் இருக்கிற விஷயம், நாங்கள் தலையிட முடியாது' என்கிறார்கள். அவர் கோர்ட்டில் தாக்கல் செய்த கிரய ஒப்பந்தத்தில் அப்பாவின் கையெழுத்தே போலி. என்ன செய்வது?

பதில்: போலீஸ் சொன்னதில் பாதி சரி. நிலம் யாருக்கு என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியாது. ஆனால் கல்லைப் பிடுங்கியதும் அம்மாவைத் தள்ளியதும் போன வாரம் நடந்த குற்றம், அது உங்கள் சிவில் வழக்கில் இல்லவே இல்லை. தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.

உங்கள் போலீஸ் புகார் மனுவைப் பார்க்காமலே சொல்கிறேன், தாத்தா காலத்துப் பத்திரத்திலிருந்து ஆரம்பித்திருப்பீர்கள். பட்டா, சர்வே எண் என்று நாலு பக்கம் போனால் ஸ்டேஷன் ரைட்டர் 'இது சிவில்' என்று ஓரமாக வைத்துவிடுவார். ஒரே பக்கம் போதும்: எந்தத் தேதி, எத்தனை மணி, யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், பார்த்தது யார். அத்துமீறி நுழைந்ததை முதலில் எழுதுங்கள், ஏனென்றால் வெறும் கையால் தள்ளியது மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது, அத்துமீறலுக்கு அந்த அனுமதி தேவையில்லை. வழக்கு எண்ணை மறைக்காதீர்கள், கடைசியில் ஒரு வரியில் சொல்லி தடை உத்தரவின் நகலையும் சேருங்கள். மறைத்தால் எதிராளி அதையே காட்டி, சிவில் வழக்குக்குக் கிரிமினல் சாயம் பூசுகிறார்கள் என்று ஐகோர்ட்டுக்குப் போவார்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் புகார், அதற்கும் அசைவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 175(3) பிரிவில், விசாரிக்க உத்தரவிடும்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு.

இனி முக்கியமானது. ஸ்டேஷன் வாசலில் ஒருவர் வருவார், 'இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவர், பேசி முடித்துத் தருகிறேன்' என்பார். அவரிடம் பணம் போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, சமரசம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. என்னிடம் வந்த ஒருவர், 'அளந்து முடியும்வரை நாங்களும் நிலத்தில் இறங்க மாட்டோம்' என்று அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாய்தாவில் அந்தத் தாள் கோர்ட்டில் இருந்தது, தடை உத்தரவை நீக்கக் கேட்கும் மனுவோடு. வக்கீல் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

போலிக் கையெழுத்துக்கு வருகிறேன். கோர்ட்டில் தாக்கலான ஆவணம் என்றாலே போலீஸ் தொடக்கூடாது என்று வக்கீல்களிலேயே சிலர் சொல்வார்கள். தவறு. 2005-ல் இக்பால் சிங் மர்வா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து போலியாகத் தயாரித்து, அப்புறம் கோர்ட்டில் கொடுத்திருந்தால் நீங்களே புகார் கொடுக்கலாம். தாக்கலாகி, கோர்ட்டின் காவலில் இருக்கும்போது அதைத் திருத்தினால்தான் கோர்ட் புகார் செய்ய வேண்டும். உங்களுடையது முதல் வகை. கூண்டில் ஏறிப் பொய்ச் சாட்சி சொல்வது வேறு, அதற்கு போலீஸிடம் போய்ப் பயனில்லை, கோர்ட்டில்தான் மனு போட வேண்டும். அசல் ஒப்பந்தம் கோர்ட்டில் இருப்பதால், கையெழுத்தை ஒப்பிட அனுப்பும்படி அங்கேயும் மனு போடுங்கள். அதே காலத்தில் அப்பா பதிவுப் பத்திரத்திலோ வங்கியிலோ போட்ட கையெழுத்துகளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

தடையை மீறியதற்கு அதே முன்சீப் கோர்ட்டில் தனி மனு போடலாம், சொத்தை ஜப்தி செய்யவும் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த மனுவுக்கு கோர்ட்டில் எண் கிடைத்து, நோட்டீஸ் போய், எதிராளி கவுன்ட்டர், அதாவது பதில் மனு, போடுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். தன் உத்தரவையே மீறிவிட்டார்கள் என்று சொல்ல வருகிறவரையும் வாய்தாவுக்கு அலைய விடுவதை இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு ஆறவில்லை. அதனால் கூடவே போலீஸ் பாதுகாப்பு கேட்டும் மனு போடுங்கள், அந்த உத்தரவு கையில் இருந்தால் ஸ்டேஷனில் இந்தச் சாக்குச் சொல்ல முடியாது.

அம்மாவை விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் போகத் தேவையில்லை. சாட்சியாகப் பெண்களை விசாரிக்க போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும், இது சட்டத்திலேயே இருக்கிறது.