மகன் மரவேலைக்குப் போகிறேன் என்கிறான்: எங்கே, எப்படிப் படிக்க வைப்பது?

கேள்வி: என் மகன் பிளஸ் 2 முடிக்கப் போகிறான். எஞ்சினீயரிங் வேண்டாமாம். செட்டிநாட்டு ஊஞ்சல், பெட்டகம் மாதிரி வேலைப்பாடுள்ள மரச்சாமான் செய்யும் தொழிலுக்குத்தான் போவேன் என்கிறான். எங்கள் வீட்டில் யாரும் தச்சு வேலை பார்த்ததில்லை. இதை வைத்துப் பிழைக்க முடியுமா? எங்கே சேர்ப்பது?
- ஒரு தாய், தேவகோட்டை

பதில்: பிழைக்க முடியும் அம்மா. ஆனால் உங்கள் மகன் மனதில் எந்த வேலையை நினைத்திருக்கிறார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொழிலுக்கு ஆசைப்படும் பிள்ளைகளில் பலர் கஜலட்சுமியும் அன்னமும் செதுக்குவதைத்தான் நினைத்திருப்பார்கள். சாமான் செய்வதில் செதுக்கல் கடைசிப் பகுதி. மரத்தின் குணம் தெரிவது, சட்டம் கூட்டுவது, இணைப்பு போடுவது ஆகியவைதான் சோறு போடும். தட்டையான, திரும்பத் திரும்ப வரும் பூவேலையை இப்போது சி.என்.சி. இயந்திரம் (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) மளமளவென்று வெட்டித் தள்ளிவிடுகிறது. கதவுப் பலகையில் கொடி ஓட்டுவதை மட்டும் கற்றவர் அந்த இயந்திரத்தோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கும். நீளம், அகலம், ஆழம் என்று மூன்று திசையில் மட்டும் நகரும் மூன்று அச்சு இயந்திரத்தால் அடிப்பக்கம் குடைய முடியாது, உள்மூலையைக் கூர்மையாக எடுக்க முடியாது, முகத்துக்கு உயிர் கொடுக்கவும் வராது. பழைய சாமானைப் பழுது பார்க்கவும் அதனால் ஆகாது. கைக்கு வேலை மிச்சமிருப்பது அந்த இடங்களில்தான்.

மரத்தின் குணம் தெரிவது என்று சொன்னேனே, அதற்கு ஊஞ்சல் பலகையையே எடுத்துக்கொள்வோம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலக் கனம் என்றால் தேக்கு சரியாக 2 கன அடி. பலகை மட்டுமே 35 கிலோவைத் தாண்டும். வீடு கட்டிய செட்டியார்களுக்குப் பர்மாத் தேக்கில் அந்த அகலம் ஒரே பலகையாகக் கிடைத்தது. இன்று அப்படிக் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் விலை கட்டாது. அதனால் மூன்று பலகையைப் பக்கவாட்டில் ஒட்டித்தான் எடுக்க வேண்டும். தவறு நடப்பது இங்கேதான். மரம் காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்துக்கேற்ப அகலவாக்கில் விரியும், சுருங்கும். நீளவாக்கில் அசைவு அநேகமாக இருக்காது. 12 சதவீத ஈரத்தில் இருந்த தேக்குப் பலகை ஏ.சி. அறைக்குள் போய் 8 சதவீதத்துக்கு இறங்கினால், 2 அடி அகலத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் சுருங்கக்கூடும். பலகை வளையக் கூடாதென்று அடியில் குறுக்குச்சட்டம் வைத்து, அதைப் பசை தடவி நெருக்கி அடித்துவிட்டால், சுருங்க இடமில்லாமல் பலகை நடுவில் பிளக்கும். தெரிந்தவர் குறுக்குச்சட்டத்தில் பசை தடவ மாட்டார். நடு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி, மற்ற துளைகளை நீள்வட்டமாக எடுத்திருப்பார். பெட்டகத்தின் கதவிலும் இதே கணக்குத்தான். சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) நிற்கும் பலகைக்குப் பசை கிடையாது, இரு பக்கமும் 2 மில்லிமீட்டராவது இடம் விட வேண்டும்.

காயாத மரமும் இதேபோல் காலை வாரும். நிழலில் அடுக்கிக் காற்றில் காயவைத்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அவசரத்துக்கு உலர்த்தும் சூளை இருக்கிறது. ஈரமானி இல்லாத பட்டறையில் "நல்லா காஞ்சதுதான் சார்" என்பதே அளவுகோலாக இருக்கும். அப்படிப்பட்ட பட்டறையில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். வைரத்தோடு (மரத்தின் கெட்டியான உட்பகுதி) வெளிப்புற வெள்ளைப் பகுதியையும் சேர்த்து அறுத்துப் போடும் இடமும் வேண்டாம். உளுத்துப்போவது அந்தப் பகுதிதான்.

சேர்க்கைக்கு முன் மூன்று மாதச் சோதனை ஒன்று வைக்கலாம். தேர்வு முடிந்த கோடை விடுமுறை அதற்குப் போதும். 6, 12, 25 மில்லிமீட்டர் பட்டை உளிகள் மூன்று, நக உளி (வளைந்த முனை உளி) இரண்டு, கொட்டாப்புளி (மரச் சுத்தி), இழைப்புளி, மூலைமட்டம், சாணைக்கல், ஒரு கைரம்பம் இருந்தால் போதும். முதல் இரண்டு வாரம் உளி தீட்டுவது மட்டும். வெட்டுமுனை 25 முதல் 30 டிகிரிக்குள் நிற்க வேண்டும், முன்கை முடியை மழிக்கும் அளவுக்குக் கூர் ஏற வேண்டும். இதில் சலிப்பு வந்தால் அதுவே பாதிப் பதில்.

பிறகு 18 அங்குல உயரத்தில் நான்கு கால் ஸ்டூல் ஒன்று. தேக்கு வேண்டாம், வேம்போ தூங்குமூஞ்சி வாகையோ அரைக் கன அடி வாங்கினால் சேதாரம் போகவும் போதும். மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டுக் குறுக்குச்சட்டம், பதினாறு கழுந்து (காலின் துளைக்குள் இறங்கும் சட்டத்தின் முனை). ஒன்றரை அங்குலக் காலில் துளை அரை அங்குல அகலம், அதாவது கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. கழுந்தின் கனமும் அதே அரை அங்குலம். கையால் அழுத்தினால் இறங்கிவிடும் கழுந்து தொளதொளப்பு, பசை அதை நிரப்பாது. சுத்தியலால் ஓங்கி அறைந்தால்தான் இறங்கும் என்றால் கால் பிளக்கும். கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி இறங்க வேண்டும். முதல் ஸ்டூல் ஆடத்தான் செய்யும், அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏன் ஆடுகிறது என்று தானாகத் தேடிக் கண்டுபிடித்து இரண்டாவதைச் செய்கிறாரா என்று பாருங்கள். எனக்குச் சான்றிதழைவிட இந்த இரண்டாவது ஸ்டூல்தான் முக்கியம்.

இனி படிப்பு. மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக் கல்லூரியில் மரபுச் சிற்பக்கலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு, மரச்சிற்பமும் அதில் ஒரு பிரிவு. உருவ அளவும் தாளமும் (சிற்பத்தின் உறுப்பு விகிதக் கணக்கு) இலக்கணமாகக் கற்க அதுவே சரியான இடம். ஆனால் அங்கே கற்பது சிற்பம், சாமான் செய்வதைத் தனியாகக் கற்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் மரவேலைப் பிரிவு ஓராண்டு. பிளஸ் 2 முடித்தவர் அங்கே போவதை உறவுக்காரர்கள் இறக்கமாகப் பேசுவார்கள், காதில் வாங்க வேண்டாம். அளவு, இணைப்பு, இயந்திரப் பாதுகாப்பு மூன்றையும் குறைந்த செலவில் முறையாகப் படிக்க அதுதான் வழி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. மாணவருக்கும் உண்டு.

வடிவமைப்பாளராக வேண்டுமென்றால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம். பிளஸ் 2-வில் எந்தப் பாடப்பிரிவும் சரி, தனி நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே முடிந்துவிடும் என்பதால் இப்போதே தேதி பாருங்கள். அங்கே பழைய வடிவத்தை இன்றைய உபயோகத்துக்கு மாற்றும் பயிற்சி கிடைக்கும். உதாரணத்துக்கு, சாய்ந்த மூடி வைத்த கணக்குப்பிள்ளை மேசை தரையில் சம்மணமிட்டு எழுத உருவானது. நாற்காலியில் உட்காருபவருக்கு எழுதுபரப்பு தரையிலிருந்து 29, 30 அங்குலம் வேண்டும். அதை அப்படியே நான்கு காலில் ஏற்றினால் பார்க்க அசிங்கம், சாய்மூடியைத் திறந்தால் முகத்தில் இடிக்கும்.

உங்கள் மகனுக்கு நான் சொல்வது: முதலில் ஐ.டி.ஐ. ஓராண்டு, பிறகு அரும்பாவூர், தம்மம்பட்டி, கள்ளக்குறிச்சி இவற்றில் ஒரு பட்டறையில் இரண்டாண்டு கைவேலை. மூன்று ஊர் மரச்சிற்பமும் புவிசார் குறியீடு பெற்றவை. பட்டறை பார்க்கப் போகும்போது தூசி உறிஞ்சி இருக்கிறதா, வேலை செய்பவர்கள் முகக்கவசம் போடுகிறார்களா என்று கவனியுங்கள். மரத்தூள் மூக்குப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது.

சொந்தத் தொழில் பேச்சு வரும்போது இரண்டு விஷயம். ஈட்டி மரத்தில் ஆசை வைக்க வேண்டாம். 2017 முதல் அது சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால் ஈட்டிச் சாமானை ஆவணமில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிறு பொருட்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் பெரிய சாமானுக்கு அது உதவாது. அடுத்தது கடன். கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும் அதில் 25 சதவீத மானியமும் (50,000 ரூபாய்க்கு மிகாமல்) கிடைக்கும், ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் இப்போதைக்கு உங்கள் மகனுக்கு உதவாது. 18 வயது முடிந்தவர் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பட்டறையில் இருக்கும்போதே ஒவ்வொரு சாமானுக்கும் எத்தனை கன அடி, எத்தனை மணி நேரம், சேதாரம் எவ்வளவு என்று நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையில் விலைக் கணக்கை அதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.