வாசகர் வாகனப் பக்கம்: மலைப்பாதைக்கு எந்தப் பிராடோ?

கேள்வி: வயதான அம்மாவையும் சேர்த்து எங்கள் குடும்பத்தில் ஏழு பேர். பிரதான வீதியிலிருந்து வீடு வரை தோட்டப் பாதை. பாதி கொங்கிறீட், மீதி கல். பாவித்த பிராடோ ஜீப் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறோம். விற்பவர்கள் 90, 120, 150 என்று எண்களாகவே பேசுகிறார்கள். இவை எவற்றைக் குறிக்கின்றன? எங்களுக்கு எது ஏற்றது?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அவை டொயோட்டா நிறுவனம் ஒவ்வொரு தலைமுறைக்கும் இட்ட தொடர் எண்கள். 1984இல் வந்த 70 தொடர் லாண்ட் குரூசரின் இலகு வகையிலிருந்துதான் இந்த வாகனம் பிறந்தது. கனரக வகையில் லீஃப் ஸ்பிரிங் இருக்க, இதில் கொயில் ஸ்பிரிங் பொருத்தி, குடும்பத்தோடு பயணம் செய்யக்கூடிய மென்மையைக் கொடுத்தார்கள். 1990இல் ஜப்பானில் அதற்குப் பிராடோ என்ற பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்திருந்ததால், ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலும் அதன் குலுக்கல் முழு வண்டிக்கும் பரவியது.

1996இல் வந்த 90 தொடர்தான் பெரிய திருப்பம். முன் சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும் அமைப்பும், நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் இழுவை செல்லும் ஏற்பாடும் அதோடு வந்தன. மழைக்காலத்தில் ஹட்டன் வீதியில் ஒரு வளைவின் பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் கிடக்கும்போது, ஓட்டுநர் எந்த நெம்புகோலையும் தொடாமலே வண்டி பிடிமானத்தோடு திரும்புவது இந்த ஏற்பாட்டால்தான். 2002இன் 120 தொடரில் வண்டியின் அடிச்சட்டமான செசி மேலும் உறுதியாயிற்று. உயர்தர வகைகளில் பின்புறத்துக்குக் காற்றுப் பை சஸ்பென்ஷன் வந்தது. 2009இல் அறிமுகமான 150 தொடர் 2023 வரை நீடித்தது. தனிச் செசியின் மேல் உடற்பகுதி, பின்னால் ஒரே அச்சு, நான்கு சக்கரங்களையும் மெதுவாக, அதிக இழுவையோடு சுழற்றும் ஃபோர் வீல் லோ கியர் ஆகிய மூன்றையும் எந்தத் தலைமுறையிலும் கைவிடவில்லை. சொகுசு வாகனங்கள் பலவும் கார்களின் அமைப்புக்கு மாறிப்போன காலத்தில் பிராடோ இவற்றைக் காத்துக்கொண்டதே, தோட்டப் பாதையில் இன்றும் அதற்கிருக்கும் மதிப்புக்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏழு பேர் என்பதால் மூன்றாம் வரிசை ஆசனங்களை நேரில் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். 120இல் அவை இரு பக்கமும் மடிந்து சுவரோடு ஒட்டி நிற்பதால், பொருள் ஏற்றும் இடத்தின் அகலத்தைத் தின்றுவிடும். 150இல் அவை தரைக்குள் அமிழ்ந்து சமதளமாகிவிடும். எந்தத் தலைமுறையாயினும் பின்வரிசை பிள்ளைகளுக்கே பொருந்தும். அம்மாவை நடுவரிசையில் அமர்த்துங்கள். ஏறுவதற்குப் பக்கப் படியும் கைப்பிடியும் உறுதியாக இருக்கின்றனவா என்று அவரையே ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது எஞ்சின் விடயத்தைத்தான். ஜப்பான் உள்நாட்டுச் சந்தையில் 2007 முதல் 2015 வரை டீசல் பிராடோ விற்கப்படவில்லை. ஆகவே அந்த ஆண்டுகளில் அங்கு விற்பனையாகி, பின்னர் பாவித்த வாகனமாக இங்கு வந்தவை பெற்றோல் வண்டிகளே. அவற்றில் பரவலான 2.7 லீற்றர் எஞ்சினின் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் வலு, ஏறத்தாழ 246 நியூட்டன் மீற்றர். அதே காலத்தில் ஜப்பானுக்கு வெளியே விற்கப்பட்ட 3 லீற்றர் டீசலிலோ அது 410. இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட வண்டி, ஏழு பேர், செங்குத்தான ஏற்றம் என்று வரும்போது இந்த வேறுபாடு காலுக்கே தெரியும். மேலும், உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ இல்லாத எஞ்சின் நூறு மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு வீதம் சக்தியை இழப்பதால், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது கொழும்பில் தந்த சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். டேர்போ டீசல் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்துவிடும். உங்கள் பாதைக்கு டீசலே பொருத்தம்.

ஆனால் அந்த 3 லீற்றர் டீசலில் ஒரு குறை உலகெங்கும் அறியப்பட்டது. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அடியிலுள்ள செப்பு வாஷர்கள் தேய்ந்து கசிந்தால், எரிந்த வாயு எஞ்சின் ஒயிலில் கலந்து கரிக்கட்டியாகி, எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குள் ஒயிலை உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். ஒயில் கிடைக்காத எஞ்சின் அதன்பின் தப்பாது. எனவே வாஷர்கள் எப்போது மாற்றப்பட்டன என்ற பதிவைக் கேளுங்கள். பதிவு இல்லையேல் சம்பைக் கழற்றிச் சல்லடையைக் காட்டும்படி கராஜில் கேளுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியதால், வண்டியின் நிலைக்கும் கேட்கப்படும் விலைக்கும் தொடர்பே இல்லாத பேரங்களும் உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால், நன்கு பராமரிக்கப்பட்ட 150 டீசலைத் தேடுவேன். பணம் போதாவிட்டால், பழுதான 150ஐ விட்டுவிட்டுச் சுத்தமான 120க்குப் போவேன்.

கேள்வி: புதிய 250 தொடர் எங்கள் தோட்டத்து வீதிகளுக்குச் சரிவருமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வாங்கும் வசதி இருந்தாலும் முதலில் வீதியை அளந்து பாருங்கள். 2023 ஓகஸ்டில் அறிமுகமான 250, பெரிய லாண்ட் குரூசர் 300இன் செசி அமைப்பைப் பகிர்ந்துகொள்கிறது. 120இன் அகலம் 1,875 மில்லிமீற்றர், 150இல் அது 1,885, 250இலோ 1,980. கூடிய பத்துச் சென்ரிமீற்றர் கொழும்பில் பெரிதாகத் தெரியாது. ஒரு பக்கம் தேயிலைச் செடி, மறுபக்கம் மூடப்படாத காண் இருக்கும் பாதையில், எதிரே கொழுந்து ஏற்றிய லொறி வந்து நின்றால், இடப்பக்கச் சக்கரங்கள் காணின் விளிம்புக்கே போய்விடும். திரும்பும் ஆரையும் 5.8 மீற்றரிலிருந்து 6 மீற்றராகக் கூடியிருக்கிறது. வண்டி மிகச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரதான வீதியோரத்தில் வீடு உள்ளவர்களுக்கு அதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

கேள்வி: றம்பொடைப் பக்கம் இறங்கும்போது எங்கள் ஓட்டோ கியர் 120இல் பிரேக் கருகும் வாடை வருகிறது. ஃபோர் வீல் லோ போட்டு இறங்கலாமா?
– வாசகர், நானுஓயா

பதில்: பிரதான வீதியில் அது வேண்டாம், லோ என்பது தோட்டத்துக்குள் நடைவேகத்தில் இறங்கும் செங்குத்துச் சரிவுகளுக்கானது. அதுபோல, முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷலைக் காய்ந்த தார் வீதியில் பூட்டவும் கூடாது. சக்கரங்கள் வளைவில் வெவ்வேறு தூரம் உருள முடியாமல் முழு அமைப்பும் இறுகி அரைபடும். இறக்கம் தொடங்கும் முன்பே 'D' நிலையிலிருந்து மூன்றாவது கியருக்கும், வளைவுகள் நெருங்கும்போது இரண்டாவதற்கும் மாற்றுங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் உறுதியாக மிதித்து, பின்பு முழுமையாக விடுங்கள். இலேசாக அழுத்தியபடியே இறங்கினால் தட்டுகள் ஆற இடமே கிடைக்காது. வாடை வந்த வண்டி என்பதால் பிரேக் பேட்களையும் தட்டுகளையும் இந்த வாரமே சோதியுங்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடிய திரவம் சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டால் பெடல் தரைவரை போய்விடும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திரவத்தை மாற்றாமல் விட்டிருந்தால், அடுத்த முறை றம்பொடையில் இறங்குவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.