இழுவை குறைந்த லாரிக்கு இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன்பு 2013ஆம் ஆண்டு மாடல் ஆறு சக்கர லாரி ஒன்றைப் பழையதாக வாங்கி, சங்ககிரியிலிருந்து ஓசூருக்கு சிமெண்ட் லோடு ஓட்டி வருகிறேன். காலியாகத் திரும்பும்போது வண்டி நன்றாகவே ஓடுகிறது. லோடுடன் சேலத்தைத் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தை நெருங்கும்போது இழுவை மெல்ல மெல்லக் குறைந்து, எவ்வளவு மிதித்தாலும் ஏற மறுக்கிறது. ஓரம் கட்டிக் கால் மணி நேரம் நின்றால் மீண்டும் சரியாகிவிடுகிறது. புகை கருப்பாக வரவில்லை. காலையில் டீசலை ஏற்றும் கைப்பம்பு அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. இதுபோக, ஒவ்வொரு நடைக்கும் ரேடியேட்டரில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் வருகின்றன. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று பட்டறையில் கூறுகிறார்கள். தவணை கட்டவே திணறும் நிலையில் என்ன செய்வதென்று தெரியவில்லை.
— திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பழுதுகள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே நோயாக எண்ணியதால்தான் பட்டறையில் இவ்வளவு பெரிய தொகையைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் இழுவையைப் பார்ப்போம். டீசல் இன்ஜினுக்குக் காற்றுப் போதாமல் போனால், அதாவது ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய் கிழிந்தாலோ, உள்ளே சென்ற டீசல் முழுமையாக எரியாமல் கரும்புகையாக வெளியேறும். டீசலே போதாமல் போனால் எரிவதற்கு ஒன்றும் இல்லாததால் புகையின்றி இழுவை மட்டும் இறங்கும். உங்கள் வண்டியில் நடப்பது இரண்டாவது வகை. அதிலும், கால் மணி நேரம் நின்றதும் சரியாகிவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் மிக முக்கியமான தடயம். தேய்ந்த பிஸ்டன் ரிங்கோ, டீசலைத் தெளிக்கும் நாசில் பழுதாகியிருந்தால் அதுவோ ஓய்வு கொடுத்ததால் குணமடைவதில்லை. டேங்கிலிருந்து டீசல் வரும் வழியில் உள்ள அடைப்புக்குத்தான் அந்தக் குணம் உண்டு.

டேங்க் மூடியில் காற்று உள்ளே புகுவதற்கு ஒரு சிறு துளை இருக்கும். சிமெண்ட் தூசியிலேயே நிற்கும் வண்டியில் அது அடைந்துபோவது எளிது. அடைந்துவிட்டால், டீசல் குறையக் குறைய டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீடு பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் டீசல் வராது. வண்டி நிற்கும் நேரத்தில் காற்று மெல்ல உள்ளே கசிந்து, மறுபடி ஓட வழி கிடைக்கிறது. ஆகவே அடுத்த முறை இழுவை குறைந்ததும், பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, மூடியை மெதுவாகத் திறந்து கவனியுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, கால் மணி நேரம் காத்திராமல் உடனே கிளம்பியும் வண்டி முன்போல் ஏறினால், குற்றவாளி அந்த மூடியேதான். புது மூடி ஒன்று வாங்கினால் போதும்.

மூடியைத் திறந்தும் பயனில்லை என்றால், டேங்கின் அடியில் சேர்ந்திருக்கும் துருவும் கசடும் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்கின்றன என்று கொள்ளலாம். இழுப்பு நின்றதும் அவை விலகிக் கீழே படிந்துவிடும். நெடுநாள் ஓடாமல் கிடந்த வண்டியை வாங்கியிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். ஃபீடு பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் குழாய் வழியாக டேங்கை நோக்கிக் காற்று அடியுங்கள். அதன்பின் ஒரு நடை நன்றாக ஓடி, மீண்டும் பழுது தலைகாட்டினால், டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான். கழுவிய கையோடு இரண்டு டீசல் ஃபில்டர்களையும் மாற்றிவிடுங்கள்.

காலையில் கைப்பம்பு அடிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம், இரவில் எங்கோ காற்றுப் புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுவது. ஃபீடு பம்புக்கு முன்னால் இரண்டடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி ஓடவிட்டால், டீசலோடு குமிழிகள் ஓடி வருவது கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் பழைய செம்பு வாஷரோ வெடித்த ரப்பர் குழாயோதான் காரணமாக இருக்கும்.

இனி ரேடியேட்டர் குமிழிக்கு வருவோம். ஹெட் கேஸ்கெட் போனாலும் குமிழி வரும் என்பது உண்மைதான். ஆனால் லாரிகளில் ஏர் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரெசர் ஒன்று இருக்கிறது. பல வண்டிகளில் அதன் தலைப்பகுதியைக் குளிர்விப்பதும் இதே ரேடியேட்டர் தண்ணீர்தான். கம்ப்ரெசரின் சிறிய கேஸ்கெட் போய்விட்டால், அது அடைக்கும் காற்று தண்ணீருக்குள் புகுந்து, பெரிய பழுதைப் போலவே குமிழி காட்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, இதைச் சோதிக்காமலேயே ஒரு வண்டியின் ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட்டில் ஒரு குறையும் இல்லாமல் நின்ற நாளை நான் இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். அந்த உரிமையாளரின் பணமும் ஒரு வார ஓட்டமும் என்னால் வீணாயின.

இரண்டையும் பிரித்தறியச் செலவே இல்லாத வழி இருக்கிறது. காலையில் இன்ஜின் முழுமையாகக் குளிர்ந்திருக்கும்போது (சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்) ஏர் டேங்கில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் காற்றழுத்த மீட்டரையும் மற்றொருவர் குமிழியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தம் ஏறும் வரை குமிழி வந்து, ஏறத்தாழ 8 பாரில் அன்லோடர் வால்வு ‘புஸ்’ என்று காற்றை வெளியே விட்டதும் குமிழி அடங்கி, பிரேக்கைப் பலமுறை மிதித்து அழுத்தத்தைக் குறைத்ததும் மறுபடி தொடங்கினால், பழுது கம்ப்ரெசரில் இருக்கிறது. காற்றழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் குமிழி ஒரே சீராக வந்துகொண்டே இருந்தால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும், டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பியைப் போல் நிறம் மாறியிருக்கிறதா, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே ரேடியேட்டரின் மேல் குழாய் கல்லைப் போல் இறுகுகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். ஏர் டேங்கின் அடி வால்வைத் திறக்கும்போது கொஞ்சம் நீர் வருவது இயல்பு. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவத்தின் நிறத்தோடு வந்தால் கம்ப்ரெசர்தான் என்று உறுதி கொள்ளலாம்.

குறைந்த தண்ணீருக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். நம் பகுதியின் உப்புத் தண்ணீர் இன்ஜினுக்குள் சுண்ணாம்பாகப் படிந்து, இல்லாத பழுதையும் உண்டாக்கிவிடும். கூலன்ட்டோடு பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரைக் கலந்து ஊற்றுங்கள்.

கேள்வி: பழையதாக வாங்கிய எனது 2018 மாடல் பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) லாரியில், சிறிது தூரம் ஓடியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து இழுவை குறைந்துவிடுகிறது. பழைய வண்டிகளில் செய்வதுபோல், ஓடும் இன்ஜினில் நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கலாமா?
— கரூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கூடவே கூடாது. உங்கள் வண்டி காமன் ரெயில் வகையாக (எல்லா நாசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் செல்லும் வகை) இருந்தால், அந்தக் குழாய்களில் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் நிற்கிறது. தளர்த்திய இடத்திலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். உங்கள் மெக்கானிக்கிடமும் இதைச் சொல்லுங்கள்.

விளக்கு எரிந்து இழுவை குறைவது, கணினியே இன்ஜினைக் கட்டுப்படுத்துவதன் அடையாளம். வண்டியில் புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்புளூ திரவத்துக்கான டேங்க் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அந்தத் திரவம் 32.5 சதவீதம் யூரியா கரைந்த தூய நீர். அது தீர்ந்தாலோ, தரமில்லாததாக இருந்தாலோ, வெள்ளை உப்பாகப் படிந்து வழியை அடைத்தாலோ, கணினி இழுவையைக் குறைத்துவிடும். முந்தைய உரிமையாளர் அந்த அமைப்பையே ஒயர் மாற்றித் துண்டித்திருக்கவும் கூடும் என்பதால், ஆட்புளூ பம்புக்குச் செல்லும் ஒயர்களில் வெட்டி ஒட்டிய தடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்கேனர் வைத்துப் பழுதுக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். பல இடங்களில் ஸ்கேனரை மாட்டியதும் குறியீடுகளை அழித்துவிடுவார்கள். அழிப்பதற்கு முன்பே அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.